டிஸ்க் மாற்றிய பிறகு பிரேக் பெடல் கட்டியாகிவிட்டது: 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பெங்களூரு

அல்சூர் ஹெரால்ட் எழுதியது:

வணக்கம். என் மாமனாரின் 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இப்போது அல்சூரில் எங்களிடம் இருக்கிறது. மெட்ராஸில் செய்த வண்டி, 948 சிசி இன்ஜின். பாடி வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்து நன்றாக ஓடுகிறது. நாலு வீலுக்கும் டிரம் பிரேக்தான் இருந்தது. டிரினிட்டி சர்க்கிளில் முன்னால் போகிற ஆட்டோ சட்டென்று நின்றால், நம் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நிற்கும். மழை பெய்தால் இன்னும் மோசம். அதனால் முன்பக்கம் மட்டும் டிஸ்க் மாற்றச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம்.

அவர்கள் செய்த வேலை இது. பழைய மாருதி ஜென்னின் டிஸ்க்கும், அதை பேடால் கவ்விப் பிடிக்கும் காலிபரும் வாங்கி, ஹப்பை லேத்தில் கடைந்து, காலிபருக்குத் தனி பிராக்கெட் அடித்து மாட்டினார்கள். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு தனித்தனி லைனுக்கு ஆயில் தள்ளும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டரையும், மிதிக்கும் காலுக்கு உதவும் பூஸ்டரையும் சேர்த்து ஃபயர்வாலில் புது பிராக்கெட்டில் உட்கார வைத்தார்கள். அந்த இரண்டும் எந்த வண்டியில் இருந்து வந்தவை என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கவில்லை. பின்பக்கம் அதே டிரம், ஆனால் லைனிங்கும் வீல் சிலிண்டரும் புதுசு. பைப் எல்லாம் புதுசு. டாட் 4 பிரேக் ஆயில்.

இப்போது பிரேக் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். பிடிக்கிறது, ஆனால் பெடல் பயங்கரக் கட்டி. மரக்கட்டையை மிதிப்பது போல இருக்கிறது. பெடல் அதிக தூரம் உள்ளே போவதும் இல்லை, ஓர் அங்குலத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு விஷயம் கவனித்தேன், உபயோகப்படுமா தெரியாது. ஓசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு பிரேக் அழுத்தினால் முதல் தடவை ஓரளவு பரவாயில்லை. சில்க் போர்டு பக்கம் வந்து ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இரண்டாவது, மூன்றாவது அழுத்தலில் இருந்து கட்டியாகிவிடும். வண்டி ஐடிலில் நிற்கும்போதும் அப்படியேதான்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "டிஸ்க் பிரேக் அப்படித்தான் சார் இருக்கும், ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்" என்கிறார்கள். எனக்கு வேண்டுமானால் பழகிவிடும். மாமனாருக்கு 74 வயது. அவருடைய வண்டி, அவர் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம். ஒரு நாள் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இன்னொன்று, நந்தி மலைக்குப் போய்வர ஆசை இருக்கிறது. இந்த பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்க எனக்கு தைரியம் இல்லை.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?


மல்லேஸ்வரம் ரைடர் எழுதியது:

முதலில் நாலு வீலிலும் திரும்ப ஒரு முறை ஏர் எடுத்து, அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பாருங்கள். டேண்டம் மாஸ்டர் சிலிண்டரை மாட்டும் முன்பு தனியாக ஏர் எடுக்காமல் விட்டால் தொல்லைதான். அதற்கும் சரியாகவில்லை என்றால் இன்னும் பெரிய பூஸ்டராகப் போட்டுவிடுங்கள். என் நண்பர் அம்பாசடரில் அப்படித்தான் செய்தார், இப்போது விரல் நுனியில் நிற்கிறது.


ஜெயநகர் பத்மினி எழுதியது:

எங்கள் வீட்டில் பத்மினி கார் இருக்கிறது, அதிலும் முன்பக்கம் டிஸ்க் போட்டிருக்கிறோம். அதனால் இரண்டு வார்த்தை.

டிரம்மில் முன்பக்க ஷூ, டிரம் சுற்றுகிற திசையிலேயே இழுபட்டு, தானாகவே இன்னும் அழுந்திக்கொள்ளும். நாம் கொடுக்கும் அழுத்தத்தை டிரம்மே பெருக்கிக்கொள்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேட் நேராக வந்து அழுத்துவதோடு சரி. அதனால் அதே வேகத்தில் நிறுத்த டிஸ்க்குக்கு ஆயில் பிரஷர் கணிசமாக அதிகம் வேண்டும். டிஸ்க் பிரேக்கோடு பூஸ்டரும் சேர்ந்தே வருவது இதனால்தான். ஆக, "டிஸ்க் அப்படித்தான் இருக்கும்" என்று ஒர்க்‌ஷாப் சொன்னது பூஸ்டர் இல்லாத வண்டிக்குப் பொருந்தும். உங்கள் வண்டியில் பூஸ்டர் இருக்கிறதே. அது வேலை செய்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேடையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். மேல்பரப்பு கண்ணாடிப் பளபளப்பாக இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு வராது. பழைய காலிபர் என்கிறீர்கள், ஸ்லைடு பின் கையால் தள்ளினால் நகர வேண்டும்.

கேட்காத ஒரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய டிரம், பேக் பிளேட், பழைய மாஸ்டர் சிலிண்டர் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. பிரேக்கைப் பற்றி அதிகாரி என்ன சொல்வார் என்பது வேறு. பழைய சாமான் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஹெரால்டு சாமான் இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை.


தங்கவயல் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, நான் கோலார் தங்கவயல்காரன். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு கே.ஆர். புரத்தில் பழைய வண்டி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் ஏர் விஷயம். பைப்பில் காற்று இருந்தால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும், பம்ப் பண்ணினால் மேலே வரும். உங்களுக்கு நேர் எதிராக, ஓர் அங்குலத்தில் கட்டியாக நிற்கிறது. அதனால் ஏர் எடுப்பதால் இந்தக் கோளாறு தீராது. பூஸ்டரைப் பெரிதாக்குவதும் இப்போது வேண்டாம். இருக்கிற பூஸ்டருக்கே சாப்பாடு போகிறதா என்று தெரியாமல் பெரியதை மாட்டினால் அதுவும் பட்டினிதான் கிடக்கும்.

பூஸ்டருக்குள் ஒரு பெரிய ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இருக்கும் காற்றை இன்ஜின் உறிஞ்சி, வாக்கம் (வெற்றிடம்) ஆக்கி வைத்திருக்கும். பெடலை அழுத்தியதும் பெடல் பக்கத்து அறைக்கு மட்டும் வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றழுத்தம்தான் டயாஃப்ரத்தைத் தள்ளி உங்கள் காலுக்கு உதவுகிறது. வாக்கம் ஹோஸில் இருக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு, இழுத்த வாக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் செலவாகும். இன்ஜின் உடனே திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துபோகும்.

நீங்கள் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஓசூர் ரோட்டில் ஆக்சிலேட்டர் கொடுத்து ஓட்டிய பிறகு முதல் அழுத்தல் பரவாயில்லை என்கிறீர்கள். அப்படியானால் பூஸ்டர் செத்துப்போகவில்லை, டயாஃப்ரம் கிழியவில்லை, வால்வும் பிடிக்கிறது. ஊர்ந்து போகும்போது, ஐடிலில் நிற்கும்போது நிரம்பவில்லை. நல்ல இன்ஜினில் இது தலைகீழாக இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால்தான் மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டரில் இருந்து இன்ஜினுக்குள் போகும் குழாயில், வாக்கம் அதிகம். ஆக, ஹோஸை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கார்புரேட்டர் உடம்பில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய பைப் போகும். டைமிங் அட்வான்ஸுக்கான, அதாவது ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் பைப் அது. அதன் துளை, ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் திராட்டில் பிளேட்டுக்கு மேல் பக்கம் இருப்பதால் ஐடிலில் அதில் வாக்கமே இருக்காது, ஆக்சிலேட்டர் கொஞ்சம் திறந்தால்தான் வரும். மேனிஃபோல்டில் துளை போட சோம்பல்பட்டு சிலர் அந்த பைப்பிலேயே ஒரு டீ போட்டு பூஸ்டருக்கு இழுத்துவிடுவார்கள். பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஹெரால்டில் முன்பக்கம் முழுதும் சேர்ந்து எழும்புவதால், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம்.

அப்படி இருந்தால் நந்தி மலைக்குப் போகவே கூடாது. இறக்கத்தில் கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத்தான் இறங்குவோம். அந்த நேரம் முழுக்க பூஸ்டருக்கு ஒரு சொட்டு வாக்கம்கூடப் போகாது.

இனி சோதனைகள். இன்ஜின் ஆஃப். பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, உள்ளே இருப்பதையெல்லாம் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கால் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வாக்கம் வரவில்லை, அல்லது பூஸ்டர் கெட்டிருக்கிறது. அடுத்து, ஜே.சி. ரோட்டில் ஒரு வாக்கம் கேஜ் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. இப்போது ஹோஸ் இருக்கும் இடத்திலும், மேனிஃபோல்டில் பிளக் ஏதாவது இருந்தால் அதிலும் மாட்டி, ஐடிலில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். வெளிநாட்டுப் புத்தகத்தில் 18, 20 அங்குலம் (பாதரசக் கணக்கு) என்று போட்டிருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது கடல்மட்டக் கணக்கு. பெங்களூரு 3000 அடி உயரத்தில் இருக்கிறது, 1000 அடிக்கு ஓர் அங்குலம் குறையும். இங்கே 15, 16 காட்டினால் நல்ல இன்ஜின்.

காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு முன் வீலை ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். உடனே வீல் விட்டுவிட்டால், நடுவில் இருக்கிற புஷ் ராடு நீளம் அதிகமாகி, ஆயில் திரும்ப டேங்குக்குப் போகும் துளை அடைபட்டிருக்கிறது. தளர்த்தியும் விடவில்லை, காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் ஹோஸ் அடைப்பு. நிப்பிள் திறந்தும் விடவில்லை என்றால் காலிபர் பிஸ்டன் பிடித்திருக்கிறது. டிரம் காலத்து மாஸ்டர் சிலிண்டராக இருந்தால், டிரம்முக்கான அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு டிஸ்க் லைனில் இருக்கக் கூடாது. இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக மூன்று அளவு வேண்டும். பெடல் ஆடுகிற பின்னில் இருந்து கால் வைக்கும் ரப்பரின் நடு வரை. அதே பின்னில் இருந்து பூஸ்டர் ராடு மாட்டியிருக்கும் துளை வரை. அப்புறம் மாஸ்டர் சிலிண்டரின் உள் விட்டம். பெரும்பாலும் அதன் உடம்பிலேயே எழுத்து வார்த்திருப்பார்கள், துடைத்துப் பாருங்கள்.

எதையும் மாற்றாமல் முதலில் இதையெல்லாம் எழுதுங்கள். ஒரே நேரத்தில் நாலு சாமானை மாற்றினால் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.


அல்சூர் ஹெரால்ட் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். மாமனார் பெடல், நான் கேஜ்.

ஹோஸ் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பைப்பை வெட்டி, நடுவில் மீன் தொட்டிக்குப் போடுகிற மாதிரியான பிளாஸ்டிக் டீ. அதில் இருந்து பூஸ்டருக்கு ஒரு பெட்ரோல் ஹோஸ். இன்ஜின் சூட்டில் டீயின் ஒரு கால் ஏற்கெனவே மஞ்சளாகி வளைந்திருக்கிறது. அந்த இடத்தில் கேஜ் மாட்டினால் ஐடிலில் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கினால் மெதுவாக ஏறுகிறது, விட்டதும் விழுகிறது.

இன்லெட் மேனிஃபோல்டின் நடுவில், கார்புரேட்டருக்குக் கீழே, ஒரு பித்தளை பிளக் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. மாமனார்தான் ஞாபகம் வைத்துச் சொன்னார். அதைக் கழற்றி கேஜை மாட்டினால் ஐடிலில் 15 அங்குலம். முள் ஆடாமல் நிற்கிறது.

இன்ஜின் ஆஃப் செய்து, மிதித்துத் தீர்த்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் கால் இறங்கவே இல்லை. ஆனால் கேஜ் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த மேனிஃபோல்ட் துளையையும் பூஸ்டரையும் கையில் கிடைத்த ஹோஸால் சும்மா இணைத்துப் பார்த்தபோது பெடல் தெளிவாக ஒரு விரல்கடை இறங்கியது. "இப்போ உயிர் இருக்கு" என்றார் மாமனார்.

வீல் இரண்டும் சுலபமாகச் சுற்றுகின்றன. பேட் பரவாயில்லை. ஸ்லைடு பின் நகர்கிறது.

அளவுகள்: பின்னில் இருந்து பெடல் ரப்பர் நடுவுக்கு 268 மி.மீ. பூஸ்டர் ராடு மாட்டியிருக்கும் துளைக்கு 80 மி.மீ. ஆனால் அந்தத் துளை புதிதாகப் போட்டது. டிரில் விளிம்பில் பிசிறுகூட எடுக்கவில்லை. அதற்கு மேலே, பின்னில் இருந்து 55 மி.மீ. தூரத்தில் பழைய துளை காலியாக இருக்கிறது. பூஸ்டர் பிராக்கெட் கீழே உட்கார்ந்துவிட்டதால் ராடுக்கு ஏற்ற மாதிரி பெடலில் புதுத் துளை போட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் அடியில் கிரீஸைத் துடைத்தால் 15/16 என்று வார்ப்பு எழுத்து தெரிகிறது.


தங்கவயல் ஃபிட்டர் எழுதியது:

மாமனாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த பிளக்கை ஞாபகம் வைத்துச் சொன்னது பெரிய உதவி. இல்லாவிட்டால் மேனிஃபோல்டைக் கழற்றி, வெளியே வைத்து டிரில் பண்ண வேண்டியிருக்கும். வண்டியில் வைத்தபடியே துளை போட்டால் உலோகத் தூள் சிலிண்டருக்குள் போய்விடும். உங்கள் பிளக் நடுவில் இருப்பதும் நல்லது. ஏதாவது ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையில் இருந்து எடுத்தால், பிரேக் அழுத்தும்போதெல்லாம் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் திணறும்.

ஆக, இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. வாக்கம் இல்லாதது ஒன்று. பெடல் துளை மற்றொன்று.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பழைய துளையில் 268ஐ 55ஆல் வகுத்தால் 4.87. நீங்கள் 25 கிலோ மிதித்தால் ராடில் சுமார் 122 கிலோ விழும். புதுத் துளையில் 268ஐ 80ஆல் வகுத்தால் 3.35, அதே மிதிக்கு 84 கிலோதான். துளையை 25 மி.மீ. கீழே தள்ளியதிலேயே உங்கள் காலுக்குக் கிடைக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 15/16 அங்குலம் என்றால் 23.8 மி.மீ., பரப்பு கிட்டத்தட்ட 4.45 சதுர சென்டிமீட்டர். பூஸ்டர் உதவி இல்லாமல், புதுத் துளையில், ஆயில் பிரஷர் 19 கிலோவுக்குப் பக்கம் வரும், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. டிஸ்க் நன்றாகப் பிடிக்க அது போதவே போதாது. 74 வயதுப் பெரியவர் சாவியைத் திருப்பிக் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

பூஸ்டர் எவ்வளவு கொடுக்கும்? உங்களுடையது 7 அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 15 அங்குல வாக்கத்தில் ராடில் 100, 120 கிலோ கூடும். பழைய துளையும் பூஸ்டரும் சேர்ந்தால் ராடில் 220 கிலோவுக்கு மேல், பிரஷர் 50 கிலோ. ஹெரால்டு எடைக்கு அது தாராளம்.

இப்போது கடையில் யாராவது, "15/16 பெரிசு சார், 13/16 மாஸ்டர் சிலிண்டர் போடுங்க" என்பார்கள். கணக்கில் சரிதான், அதே மிதிக்கு பிரஷர் 33 சதவீதம் கூடும். ஆனால் பெடலும் அதே அளவு கூடுதலாக இறங்கும். துளையை மேலே கொண்டுபோவதிலேயே பெடல் இறக்கம் 45 சதவீதம் கூடப்போகிறது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது ஓர் அங்குலம் இறங்கும் பெடல் அப்போது இரண்டு அங்குலம் இறங்கும். பின் டிரம் லைனிங் கொஞ்சம் தேய்ந்தால் தரையைத் தொடும். அதனால் மாஸ்டர் சிலிண்டரை இப்போது தொடாதீர்கள்.

வரிசை இது: முதலில் வாக்கம் மட்டும். ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பிராக்கெட்டை வெட்டி, பூஸ்டரை 25 மி.மீ. மேலே தூக்கி, ராடைப் பழைய துளைக்குக் கொண்டுவாருங்கள். ராடு பெடலுக்கு நேராகப் போக வேண்டும், சாய்ந்து போனால் பூஸ்டர் உள்ளே உரசி அதுவே ஒரு கட்டியைக் கொடுக்கும். புதிதாகப் போட்ட துளையை வெல்டு வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பெடல் கையில் சூடு ஏற்றுவது நல்லதில்லை. துளையின் பிசிறை மட்டும் அரத்தால் எடுத்து வழுவழுப்பாக்கிவிட்டால் விரிசல் அங்கிருந்து கிளம்பாது. ராடை மாட்டிய பிறகு பெடலில் சில மி.மீ. சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள். பிராக்கெட் நகர்வதால் பிரேக் லைட் சுவிட்சும் இடம் மாறும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து, பெடலைத் தொட்டதும் லைட் எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.


ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ் எழுதியது:

ஹோஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், கடையில் தினமும் பார்க்கிற விஷயம். பெட்ரோல் ஹோஸ் உள்ளிருந்து வெளியே வரும் அழுத்தத்துக்குச் செய்தது. வாக்கத்தில் சூடேறினால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. பூஸ்டர் ஹோஸ் என்றே கேளுங்கள். சுவர் தடிமனாக, உள்ளே துணி வைத்து வரும். பூஸ்டர் மூக்கின் அளவுக்கு எடுங்கள், பெரும்பாலும் 9 அல்லது 10 மி.மீ. உள் விட்டம். மேனிஃபோல்ட் பிளக் மரைக்கு ஏற்ற பித்தளை அடாப்டர் ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால், பழைய பிளக்கை எடுத்துப் போய் லேத்தில் கடையச் சொல்லுங்கள். பிளக் கையில் இருந்தால் மரை தப்பாது. இரண்டு முனையிலும் திருகு கிளிப் போடுங்கள், கம்பி சுற்றி விடாதீர்கள்.

நான்-ரிட்டர்ன் வால்வில் அம்புக்குறி இருக்கும். அம்பு இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். அம்பு இல்லாவிட்டால் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். பூஸ்டர் முனையில் இருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் முனையில் இருந்து ஊதினால் போகக் கூடாது.

வெட்டிய டிஸ்ட்ரிபியூட்டர் பைப்பையும் மறக்காமல் ஒரே துண்டாக மாற்றிவிடுங்கள். அந்த டீ வழியாக அட்வான்ஸும் சரியாக வேலை செய்திருக்காது.


அல்சூர் ஹெரால்ட் எழுதியது:

இரண்டு கட்டமாகச் செய்து முடித்தாயிற்று.

வாக்கம் லைனை மாற்றியதுமே சிக்னலில் கட்டியாவது நின்றுவிட்டது. எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரே மாதிரி இருக்கிறது. இன்ஜினை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்து அழுத்தினாலும் முதல் இரண்டு அழுத்தல் மெத்தென்று போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பைப்பைச் சரிசெய்ததில் இழுவையும் நன்றாகியிருக்கிறது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பெடல் இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. மாமனாரும் அப்படித்தான் சொன்னார்.

பிராக்கெட் வேலையை வேறோர் இடத்தில் கொடுத்தேன். பழைய பிராக்கெட்டைக் கழற்றினால், அது மெல்லிய தகடு, போல்ட் துளையைச் சுற்றி ஏற்கெனவே வளைய ஆரம்பித்திருந்தது. பெடலை அழுத்தும்போது ஃபயர்வாலில் ஒரு சின்ன டக் சத்தம் கேட்கும். அது இதனால்தான் போலிருக்கிறது. 5 மி.மீ. தகட்டில் புதிதாக அடித்து, பூஸ்டரை மேலே தூக்கி, ராடைப் பழைய துளையில் மாட்டியாயிற்று. ராடு நேராகப் போகிறது. பிரேக் லைட் சுவிட்சைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் கவனித்திருக்க மாட்டேன்.

இப்போது பெடல் ஒன்றரை அங்குலம் இறங்குகிறது, மிதிக்க லேசாக இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரைத் தொடவில்லை. மாமனார் அல்சூரில் இருந்து ஃபிரேசர் டவுன் போய்த் திரும்ப ஓட்டிவந்தார். சாவி இப்போது அவரிடம்.

ஒரே ஒரு சந்தேகம். காலை ஆறு மணிக்கு காலி ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் பலமாக அழுத்திப் பார்த்தேன். வண்டி நேராகத்தான் நின்றது, ஆனால் பின் வீல் இரண்டும் ஒரு நொடி கிரீச்சிட்டன. முன் வீல் லாக் ஆகவில்லை. இது பரவாயில்லையா?


தங்கவயல் ஃபிட்டர் எழுதியது:

பரவாயில்லை என்று விடக் கூடாது தம்பி. முன் வீல் முதலில் லாக் ஆனால் வண்டி நேராகப் போகும். பின் வீல் முதலில் லாக் ஆனால், ஈர ரோட்டில் வளைவில் வால் சுற்றிவிடும். நந்தி இறக்கத்தில் அது ஆபத்து.

ஜெயநகர் நண்பர் சொன்னாரே, டிரம் தானாக அழுந்திக்கொள்ளும் என்று. முன் டிஸ்க்குக்கு வேண்டிய அதிகப் பிரஷரை இப்போது பின் டிரம்முக்கும் அப்படியே கொடுக்கிறீர்கள். அதற்கு அவ்வளவு தேவையில்லை. மாஸ்டர் சிலிண்டரில் இருந்து பின்பக்கம் போகும் பைப்பில், பின்பக்க பிரஷரைக் குறைக்கிற, கையால் திருகி அட்ஜஸ்ட் செய்யும் புரொபோர்ஷனிங் வால்வு ஒன்றைச் சேருங்கள். அதற்கு முன் பின் டிரம் இரண்டிலும் அட்ஜஸ்ட்மென்ட் ஒரே அளவா, லைனிங்கில் ஆக்ஸில் ஆயில் கசிவு இல்லையா என்று பாருங்கள். ஆயில் பட்ட லைனிங்கும் இப்படிப் பிடித்து இழுக்கும்.

வால்வு போட்ட பிறகு பின்பக்க பிரஷரை நன்றாகக் குறைத்து ஆரம்பியுங்கள். அதே காலி ரோடு, அதே 40 வேகம், பின்னால் வண்டி வராத நேரம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முன் வீல் லாக் ஆகத் தொடங்கும்போது பின் வீல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்தி, லாக் நட்டை இறுக்குங்கள். பின் சீட்டில் ஆள் இல்லாமல் செய்யுங்கள். ஆளோடு பார்த்தால் பின்பக்கம் எடை கூடி லாக் தாமதமாகும், தப்பாக செட் ஆகிவிடும். பைப்பைத் திறந்ததால் பின் லைனில் மட்டும் ஏர் எடுத்துவிடுங்கள்.